மம்மல் பொழுதில் யானையை முதலில் காண: வயற்காவலுக்கு ஏற்ற தொலைநோக்கியைத் தெரிவு செய்வது எப்படி?

வன்னியிலும் மட்டக்களப்பின் படுவான்கரையிலும் யானை காட்டிலிருந்து இறங்குகிற நேரமும் மனிதர் வீடு திரும்புகிற நேரமும் ஒன்றாகவே இருக்கின்றன. மாட்டைச் சாய்த்துக்கொண்டு வருகிற பெண்கள், மாலை வகுப்பு முடிந்து சைக்கிளில் வருகிற பிள்ளைகள், வயலுக்குக் காவலுக்குப் போகிற ஆண்கள் எல்லோரும் அந்த மம்மல் பொழுதில்தான் ஒழுங்கையிலும் குளக்கட்டிலும் இருப்பார்கள். இலங்கையில் அண்மைய ஆண்டுகளில் யானை தாக்கி ஆண்டொன்றுக்கு நூற்றுக்கும் மேற்பட்ட மனிதர் இறக்கின்றனர். அதைவிட அதிகமான யானைகளும் இறக்கின்றன. 2011இல் எடுக்கப்பட்ட கணக்கெடுப்பின்படி நாட்டில் 5,879 யானைகள் இருந்தன.

மின்சார வேலி இல்லாத இடங்களிலும், வேலி இருந்தும் அது பழுதாகிக் கிடக்கிற இடங்களிலும் மக்களிடம் மிஞ்சியிருப்பது கண்ணும் காதும் யானை வெடியும்தான். யானை நம்மைக் காண முன்னர் நாம் யானையைக் கண்டுவிட்டால் அந்த இரவின் பாதி ஆபத்துக் குறைந்துவிடும். கண்டபின் பாதையை மாற்றலாம், பிள்ளைகளை மறித்து வைக்கலாம், அயலுக்கு அறிவிக்கலாம். காணாமல் முட்டிக்கொண்டால் ஓடத்தான் வேண்டும். கண்மண் தெரியாமல் பற்றைக்குள் ஓடுவது எங்கள் நிலத்தில் எவ்வளவு கெட்ட காரியம் என்பதை இந்த வாசகர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை.

அதனால்தான் ஒரு நல்ல தொலைநோக்கியைப் பற்றி, எங்கள் ஆட்கள் சொல்வதுபோல பைனாகுலரைப் பற்றி, இங்கே எழுதுகிறேன். பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பித்து ஓய்வு பெற்று, இப்போது காடோரம் வயல் செய்கிறேன். போகத்துக்குப் போகம் பரணில் இருப்பவன். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளும் சகோதரங்களும் அன்பாக வாங்கி அனுப்பிய பல பைனாகுலர்களை எங்கள் பக்கத்துப் பரண்களில் கண்டிருக்கிறேன். பகலில் அவை நன்றாகத்தான் இருக்கின்றன. ஆனால் பொழுது சாய்ந்ததும் பெரும்பாலானவை பயன்படுவதில்லை. அதற்குக் காரணம் எளிமையான ஒரு கணக்கு. அதைத் தெரிந்துகொண்டால் குறைந்த காசிலேயே சரியானதை வாங்கலாம்.

எங்கள் மாலை குறுகியது

மத்திய கோட்டுக்கு அருகில் இருப்பதால் எங்களுக்குச் சூரியன் ஏறத்தாழச் செங்குத்தாக இறங்குகிறது. சூரியன் மறைந்து ஏறக்குறைய 22 நிமிடங்களில் வெறுங்கண்ணால் வேலை செய்யக்கூடிய வெளிச்சம் போய்விடும். முக்கால் மணித்தியாலம் கழிந்தால் வானம் வேறு, காடு வேறு என்பது மட்டும்தான் தெரியும். இங்கிலாந்திலோ ஜேர்மனியிலோ மாலை இதைவிட நீண்டது. அங்கே ஒரு கோடை மாலையில் சோதித்துப் பார்த்து "நல்லாத் தெரியுது" என்று அனுப்பப்பட்ட கண்ணாடி, இங்கே வரும்போது ஏமாற்றுவது அதனாலும்தான்.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். எந்தத் தொலைநோக்கியும் இருட்டை வெளிச்சமாக்காது. வெறுங்கண்ணுக்குத் தெரியும் அதே அளவு வெளிச்சத்தில், காட்சியைப் பெரிதாக்கிக் காட்டுவதுதான் நல்ல தொலைநோக்கி செய்கிற வேலை. மங்கிய வெளிச்சத்தில் கண்ணுக்குச் சிறிய விபரங்கள் பிடிபடாது. பெரிதாக்கினால் பிடிபடும். 200 மீற்றர் தூரத்தில் கறுப்பாக நிற்பது பற்றையா, எருமையா, தனியனா என்பது 8 மடங்கில் பார்த்தால் 25 மீற்றரில் நிற்பதுபோல் தெரியும். கூடாத தொலைநோக்கி பெரிதாக்குகிறபோதே வெளிச்சத்தையும் தின்றுவிடுகிறது. பெரிய, கறுத்த படம் ஒன்றுதான் மிஞ்சும்.

இரண்டு எண்களும் ஒரு வகுத்தலும்

எல்லாத் தொலைநோக்கியிலும் 8×42, 10×25, 7×50 என்று இரண்டு எண்கள் பொறிக்கப்பட்டிருக்கும். முதல் எண் எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும் என்பது. இரண்டாவது எண் முன்பக்க வில்லையின் விட்டம், மில்லிமீற்றரில். கடைக்காரர் முதல் எண்ணைத்தான் சொல்லி விற்பார். மம்மலில் பார்க்க விரும்புகிறவர் இரண்டாவதை முதலாவதால் வகுத்துப் பார்க்க வேண்டும்.

அப்படி வகுத்து வருவது, தொலைநோக்கியின் பின்பக்கத்திலிருந்து உங்கள் கண்ணுக்குள் வருகிற ஒளிக்கற்றையின் விட்டம். கற்றை தடித்தால் மங்கலிலும் தெரியும். மெலிந்தால் தெரியாது.

10×25: 2.5 மி.மீ.
10×42: 4.2 மி.மீ.
10×50: 5 மி.மீ.
8×42: 5.25 மி.மீ.
8×56: 7 மி.மீ.
7×50: சற்றுக் கூடிய 7 மி.மீ.

சட்டைப்பையில் வைக்கக்கூடிய 10×25 கண்ணாடிதான் பலருக்கும் அன்பளிப்பாக வருகிறது. அதன் கற்றை 2.5 மி.மீ. 8×42 கண்ணாடியின் கற்றை 5.25 மி.மீ. வட்டத்தின் பரப்பளவைக் கொண்டு கணக்கிட்டால், கண்மணி நன்றாக விரிந்திருக்கும் நேரத்தில் இரண்டாவதன் படம் நான்கு மடங்குக்கும் மேல் வெளிச்சமானது. 30 மடங்கு, 60 மடங்கு என்று பெட்டியில் பெரிதாக எழுதியிருப்பவற்றை இந்த வகுத்தலில் போட்டுப் பாருங்கள். 30×60 என்றால் 2 மி.மீ.தான். அது உண்மையான எண் என்று வைத்துக்கொண்டாலும் மம்மலில் உதவாது. அத்தோடு 12 மடங்குக்கு மேல் போனால் கை நடுக்கமும் அதே அளவு பெரிதாகும். ஊன்றிப் பிடிக்காமல் பார்க்க முடியாது.

உங்கள் கண்மணி எவ்வளவு விரியும்?

கடைக்காரர்கள் சொல்லாத மறுபாதி கண்ணில் இருக்கிறது. இருட்டில் கண்மணி விரிகிறது. 20 வயதுகளில் அது ஏறக்குறைய 7 மி.மீ. வரை விரியும். வயது போகப் போக விரிவது குறைகிறது. 50ஐத் தாண்டிய பலருக்கு 5 மி.மீ. அளவில் நின்றுவிடும். ஆளுக்கு ஆள் இது மாறும்.

தொலைநோக்கி 7 மி.மீ. கற்றையைத் தந்தாலும் கண்மணி 5 மி.மீ. மட்டும் விரிந்தால் மிச்ச வெளிச்சம் கண்ணின் கறுப்பு வட்டத்தைச் சுற்றி விழுந்து வீணாகிவிடும். ஆகவே கடற்படைகள் காலங்காலமாக இரவுக்குப் பாவிக்கும் 7×50, வேலியோரம் காவலிருக்கும் 22 வயதுப் பெடியனுக்குப் பொருத்தம். அவனுடைய 60 வயது அப்பாவுக்கு அந்தப் பாரமும் காசும் வீண். அவருக்கு 8×42 போதும். 10×50உம் சரிவரும், ஆனால் அதைப் பரணின் மரத்தில் ஊன்றிப் பிடிக்க வேண்டும்.

ஒரு குடும்பத்துக்கு அல்லது ஒரு காவல் குழுவுக்குப் பொதுவாக ஒன்றுதான் வாங்கலாம் என்றால் என் தெரிவு 8×42. எல்லா வயதுக்கும் ஒத்துவரும், கழுத்தில் தூக்கிக்கொண்டு நடக்கலாம், பகலிலும் உதவும்.

கண்ணில் புரை விழத் தொடங்கியவர்கள் தொலைநோக்கிக்குக் காசு செலவழிக்க முன்னர் மாவட்ட வைத்தியசாலையின் கண் சிகிச்சைப் பிரிவில் காட்டுங்கள். நீரிழிவு உள்ளவர்களுக்கும் இதையே சொல்வேன். கண்ணுக்குள்ளேயே புகார் இருக்கும்போது விலை கூடிய கண்ணாடியாலும் பயனில்லை.

பெட்டியில் எழுதியிருக்காதவை

ஒரே 8×42 என்று எழுதிய இரண்டு கண்ணாடிகளில் ஒன்று வெளிச்சமாகவும் மற்றது மங்கலாகவும் இருக்கும். வில்லைகளின் பூச்சும் உள்ளே இருக்கும் அரியமும் அதற்குக் காரணம்.

பூச்சில்லாத கண்ணாடியின் ஒவ்வொரு மேற்பரப்பும் தன்மேல் விழும் ஒளியில் ஏறக்குறைய 4 சதவீதத்தைத் திருப்பி அனுப்பிவிடும். ஒரு தொலைநோக்கிக்குள் இப்படிப் பத்து மேற்பரப்புகள் இருந்தால் மூன்றில் ஒரு பங்கு வெளிச்சம் கண்ணுக்கு வராமலே போய்விடும். 1935இல் ஜேர்மனியின் சைஸ் நிறுவனத்தில் அலெக்சாண்டர் ஸ்மாகுலா இந்தத் தெறிப்பைக் குறைக்கும் மெல்லிய பூச்சைக் கண்டுபிடித்தார். இன்று எல்லா வில்லைகளிலும் பல அடுக்குப் பூச்சு உள்ளவற்றை "புல்லி மல்ரி கோட்டட்" என்று குறிப்பிடுவார்கள். வெறும் "கோட்டட்" என்றால் ஏதோ ஒரு வில்லைக்கு ஓரடுக்குப் பூசியிருப்பார்கள் என்றுதான் அர்த்தம்.

கடையில் சோதிப்பது எளிது. முன் வில்லையில் ரியூப் லைற்றின் நிழல் எப்படித் தெறிக்கிறது என்று பாருங்கள். பளிச்சென்ற வெள்ளையாகத் தெறித்தால் பூச்சு இல்லை. மங்கிய பச்சை அல்லது ஊதாவாகத் தெறித்தால் பூச்சு உண்டு. மாணிக்கம்போல் சிவப்பாக மினுங்கும் வில்லை பார்வைக்கு அழகு, ஆனால் உள்ளே போகவேண்டிய ஒளியில் ஒரு பங்கை வெளியே எறிகிறது. அதை வாங்காதீர்கள்.

இரண்டாவது சோதனை. தொலைநோக்கியைக் கைநீட்டும் தூரத்தில் பிடித்து, வெளிச்சமான வானத்தைப் பார்த்தபடி கண்வில்லையைக் கவனியுங்கள். அதன் நடுவில் ஒரு சிறிய வெளிச்ச வட்டம் தெரியும். நாங்கள் வகுத்துக் கணித்த கற்றை அதுதான். அது முழு வட்டமாக இருக்க வேண்டும். ஓரம் சதுரமாக மங்கி வெட்டுப்பட்டிருந்தால் உள்ளே இருப்பது மலிவான அரியம். "பி.ஏ.கே. 4" என்ற வகைக் கண்ணாடியால் செய்த அரியத்தில் பொதுவாக வட்டம் முழுமையாக இருக்கும். வட்டத்தின் மேல் ஒரு அடிமட்டத்தை வைத்து அளந்து, மடங்கு எண்ணால் பெருக்கிப் பாருங்கள். 10×50 என்று எழுதியிருந்து வட்டம் 3 மி.மீ. மட்டும் இருந்தால், முன்னால் 50 மி.மீ. வில்லை இருந்தும் உள்ளே ஒளியை மறித்திருக்கிறார்கள். அது உண்மையில் 10×30தான்.

அரியத்தில் இரண்டு அமைப்புகள் உண்டு. குழாய் நேராக இருப்பது ஒன்று. தோள்போல் அகன்று பழைய கால வடிவில் இருப்பது மற்றது, அதைப் போரோ என்பார்கள். நேரான வகை கைக்கு அடக்கம். ஆனால் அது போரோவுக்கு ஈடாகத் தெளிவாக இருக்க அரியத்துக்குத் தனிப் பூச்சுகள் தேவை, அவை விலையைக் கூட்டும். காசு குறைவென்றால் அதே விலைக்கு போரோ வகையே மங்கலில் நன்றாகத் தெரியும். பார்க்கப் பழசாக இருக்கிறதே என்று ஒதுக்க வேண்டாம்.

மடங்கைக் கூட்டிக் குறைக்கும் சூம் வகையை விட்டுவிடுங்கள். உள்ளே வில்லைகள் கூட, வெளிச்சம் குறைவு, ஒரு போகம் முடிய முன்னரே இரண்டு கண்ணுக்கும் படம் ஒன்றாகச் சேராமல் போய்விடும்.

மூக்குக்கண்ணாடி போடுகிறவர்கள் கண்ணுக்கும் வில்லைக்கும் இடையில் 15 மி.மீ. அல்லது அதற்கு மேல் தூரம் விட்டும் முழுக் காட்சி தெரிகிறதா என்று பார்த்து வாங்க வேண்டும். மாரி மழையில் பரணில் இருக்கப்போவதால் நீர் புகாததும் நைதரசன் அடைத்ததும் நல்லது. எங்கள் ஈரப்பதனில் வில்லைக்குள் பூஞ்சணம் பிடிப்பதுதான் தொலைநோக்கியின் முதல் எதிரி. தோல் உறைக்குள் வைக்காமல், இறுக்கமாக மூடும் பிளாஸ்ரிக் பெட்டியில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வையுங்கள்.

ஒரு கண், ஒரு கை

யுத்தத்தில் ஒரு கண்ணை இழந்தவர்கள் எங்களிடையே பலர் உண்டு. அவர்களுக்கு இரட்டைக் குழாய் தேவையில்லை. ஒற்றைக் குழாய்த் தொலைநோக்கி, மொனோகுலர், 8×42 அளவில் கிடைக்கிறது. பாரம் ஏறக்குறையப் பாதி. வகுத்தல் கணக்கும் பூச்சுச் சோதனையும் அதற்கும் அப்படியே பொருந்தும். சட்டைப்பைக்குள் அடங்கும் 8×20 போன்றவற்றை மட்டும் தவிருங்கள், அவற்றின் கற்றை 2.5 மி.மீ.தான்.

ஒரு கையால் பிடிக்க வேண்டியவர்களுக்கும், உடலில் சன்னமோ குண்டுச் சிதறலோ இருந்து தோள் வலிக்கிறவர்களுக்கும், நெஞ்சளவு உயரத்தில் ஒரு கவட்டுத் தடி போதும். தொலைநோக்கியைக் கவரில் வைத்துப் பார்த்தால் நடுக்கம் நின்றுவிடும். இரண்டு கை உள்ளவர்களுக்கும் இது நல்ல பழக்கம். அசையாத 8 மடங்கு, ஆடுகிற 12 மடங்கைவிடக் கூடக் காட்டும்.

கண்ணைப் பழக்குதல்

இதற்குக் காசு தேவையில்லை. விழித்திரையில் இருட்டுக்கென்று இருப்பவை கோல் கலங்கள். அவை முழுதாக விழித்துக்கொள்ள ஏறக்குறைய 30 நிமிடம் எடுக்கும். அதன்பின் ஒருமுறை தொலைபேசித் திரையைப் பார்த்தால் திரும்பவும் பழகக் காத்திருக்க வேண்டும். கோல் கலங்களுக்குச் சிவப்பு ஒளி குறைவாகவே தெரியும். ஆகவே பரணில் ஏதும் எடுக்க வைக்க வேண்டுமென்றால் ரோச் லைற்றின் வாயில் சிவப்புத் தாளைக் கட்டிக்கொள்ளுங்கள்.

விழித்திரையின் நடுப்புள்ளியில் கோல் கலங்கள் இல்லை. அதனால் மங்கலில் ஒன்றை நேரே உற்றுப் பார்த்தால் அது மறையும், சற்றுப் பக்கவாட்டில் பார்த்தால் தெரியும். தொலைநோக்கிக்குள்ளும் இப்படியே பாருங்கள். ஒரே இடத்தை வெறிக்காமல் காட்டோரத்தை மெதுவாக இடமிருந்து வலமாகத் தடவி வாருங்கள். அசைவுதான் முதலில் பிடிபடும். கண்டபின் கவனிக்க வேண்டியது யானையின் காதுகளை. காதை ஆட்டிக்கொண்டு மேய்கிற யானை அமைதியாக இருக்கிறது. காதை விரித்து அசையாமல் நம் பக்கம் நிற்பது நம்மை அறிந்துவிட்டது. யானைக்குக் கண்ணைவிட மூக்குப் பெரிய துணை. காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்பதைப் பார்த்தே பரணை அமையுங்கள்.

கோல் கலங்கள் வேலை செய்ய விற்றமின் ஏ தேவை. மாலைக்கண் வருவது அது குறைவதால். முருங்கையிலையும் பப்பாசியும் பூசணியும் காவற்காரரின் சாப்பாட்டில் இருக்கட்டும்.

பூரணையை ஒட்டிய நாட்களில் நல்ல கண்ணாடி இரவு முழுக்க உதவும். மந்தாரமான அமாவாசை இரவில் எதுவும் உதவாது. அந்த இரவுகளில் ஆட்களைக் கூட்டி இருப்பதும், பொழுது சாய முன்னரே பிள்ளைகளை வீட்டுக்குள் எடுப்பதும்தான் வழி.

துவக்கும் இரவுப் பார்வைக் கருவியும்

துவக்கில் பூட்டுகிற தொலைநோக்கியைப் பற்றியும் சிலர் கேட்பதுண்டு. அதிலும் இதே வகுத்தல்தான். ஐரோப்பாவில் நிலவில் காட்டுப்பன்றி வேட்டைக்குப் போகிறவர்கள் 8×56ஐ விரும்புவது 7 மி.மீ. கற்றைக்காகத்தான். ஆனால் துவக்கின் கண்ணாடியால் ஒன்றைப் பார்ப்பதென்றால் அதை நோக்கித் துவக்கை நீட்ட வேண்டும். மம்மலில் அந்த உருவம் மாட்டைத் தேடி வந்த அயலவராக இருக்கலாம். அதனால் பொறுப்பான வேட்டைக்காரரும் முதலில் பைனாகுலரால்தான் பார்க்கிறார்கள். இடியன் துவக்கும் கட்டுத்துவக்கும் பன்றி வெடியும் எங்கள் ஊர்களில் ஏற்கெனவே போதிய அளவு மனிதரையும் விலங்கையும் ஊனமாக்கியிருக்கின்றன. காயப்பட்ட தனியனைவிட ஆபத்தான அயல் இல்லை.

இரவுப் பார்வைக் கருவிகளும் உடற்சூட்டைக் காட்டும் கருவிகளும் முழு இருட்டிலும் வேலை செய்யும். ஆனால் அவற்றை வெளிநாட்டிலிருந்து எடுக்க முன்னர், அனுமதி தேவையா என்று சுங்கத்திடமும் பாதுகாப்பு அமைச்சிடமும் எழுத்தில் கேட்டுப் பதிலை வைத்துக்கொள்ளுங்கள். அன்பாக அனுப்பிய பொருள் ஒரு விசாரணையில் போய் முடியக் கூடாது.

சாதாரண பைனாகுலர் விடயத்திலும் அவதானம் தேவை. காவலரணிலிருந்து எங்களைப் பார்த்துக்கொண்டிருந்த கண்ணாடிகளை மறக்க எங்களில் பலருக்கு இன்னும் முடியவில்லை. அதனாலேயே சிலர் இதைக் கழுத்தில் போடத் தயங்குகிறார்கள். முகாம்களின் பக்கம் திருப்பாதீர்கள். காவலுக்கு வைத்திருக்கிறோம் என்று கிராம அலுவலருக்கும் கமக்காரர் அமைப்புக்கும் சொல்லி வையுங்கள். வனஜீவராசிகள் திணைக்களத்தில் யானை வெடி எடுக்கப் போகும்போது அங்கும் சொல்லலாம். கமக்காரர் அமைப்பே ஒன்றை வாங்கிக் காவல் முறைப்படி கைமாற்றுவது இன்னும் நல்லது. தனியே வயல் செய்கிற பெண் தலைமைக் குடும்பங்களுக்கு அப்போதுதான் அது எட்டும். அவர்கள்தான் பெரும்பாலும் துணையில்லாமல் அந்த நேரத்தில் வெளியே நிற்கிறார்கள்.

உறவுகளுக்கு எழுத வேண்டியது

வெளிநாட்டிலிருந்து "என்ன வேணும்?" என்று கேட்டால் இப்படி எழுதி அனுப்புங்கள்:

அளவு 8×42. பாவிப்பவர் 30 வயதுக்குள் என்றால் 7×50உம் சரி.
எல்லா வில்லைகளுக்கும் பல அடுக்குப் பூச்சு. சிவப்பு வில்லை வேண்டாம்.
அரியம் பி.ஏ.கே. 4. காசு குறைவென்றால் போரோ வடிவம்.
நீர் புகாதது. மூக்குக்கண்ணாடி போடுகிறவருக்கென்றால் கண்ணிலிருந்து 15 மி.மீ. தூரம்.
சூம் வேண்டாம். 10 மடங்குக்கு மேல் வேண்டாம்.
ஒரு கண் பார்வை உள்ளவருக்கு 8×42 மொனோகுலர்.

வந்து சேர்ந்ததும் பகலில் வட்டத்தை அளந்து பாருங்கள். பிறகு அன்றைய மம்மலில் குளக்கட்டில் ஏறி, சூரியன் மறைந்து 25 நிமிடம் கழித்து, நன்றாகத் தெரிந்த ஒரு மரத்தைப் பாருங்கள். வெறுங்கண்ணுக்குக் கரியாக நிற்கும் அந்த மரத்தின் கிளைகள் தொலைநோக்கியில் பிரிந்து தெரிந்தால் அந்தக் கண்ணாடி காவலுக்கு உதவும். தெரியாவிட்டால் அதைப் பிள்ளைகளிடம் கொடுங்கள், பகலில் குளத்துக் கொக்குகளைப் பார்க்கட்டும்.